செத்துக் கிடக்கும் பறவையைப் புதைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பறவை பார்ப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். பொங்கல் விடுமுறையில் ஏரிக்கரையில் பைனாகுலரோடு நிற்கிறவர்களைப் பைத்தியம் என்று நினைக்காமல் ஒரு நாளிதழ் ஒரு பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். ஆனால் நடுவில் ஒரு பத்தி உறுத்தியது. கையில் நல்ல கேமராவும் போனில் பார்த்த பறவைகளைப் பட்டியலாக ஏற்றும் இ-பேர்டு செயலியும் இருக்கிற காலத்தில், வெள்ளைக்காரன் சுட்டுப் பஞ்சடைத்து வைத்த பறவைகள் தூசி படியத்தான் லாயக்கு, அருங்காட்சியகப் பறவை இயல் காலாவதியாகிவிட்டது என்கிற தொனியில் எழுதியிருந்தார் கட்டுரையாளர். இதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. சேலத்தில் பல வருடமாகப் பறவை பார்த்துக்கொண்டு, பட்டியல் ஏற்றிக்கொண்டு இருக்கிறவன் என்கிற முறையில்தான் சொல்கிறேன், அருங்காட்சியகத்தில் சம்பளம் வாங்குகிறவன் இல்லை.

முதலில், நாம் எல்லோரும் பள்ளிச் சுற்றுலாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த, கோலிக்குண்டு கண்ணோடு கிளையில் உட்கார்ந்திருக்கும் சாயம்போன கழுகு வேறு, ஆராய்ச்சிக்கு வைத்திருக்கும் பறவை வேறு. இரண்டாவது வகை பொதுமக்கள் கண்ணிலேயே படாது. அது இரும்பு அலமாரியின் இழுப்பறையில் மல்லாந்து படுத்திருக்கும். வயிற்றைக் கீறி உடலை எடுத்துவிட்டு, தோலும் இறகும் அலகும் காலும் மட்டும் வைத்து, உள்ளே பஞ்சை அடைத்துத் தைத்திருப்பார்கள். கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு தெரியும். இரண்டு காலையும் குறுக்காகக் கட்டி அந்த நூலிலேயே ஒரு சீட்டு தொங்கும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் சேகரித்தது, ஆணா பெண்ணா, உயிர் போன சமயத்தில் கண்ணும் அலகும் என்ன நிறம் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். பறவையைவிட அந்தச் சீட்டுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு, ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்திய இந்தியக் காடுகளில் ஒரு சின்ன ஆந்தை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபாரஸ்ட் அவ்லெட் என்கிறார்கள், நாம் காட்டுச் சிறு ஆந்தை என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்ப் புளியமரப் பொந்தில் இருக்கும் புள்ளி ஆந்தைக்கு அண்ணன் மாதிரி இருக்கும், ஆனால் உச்சந்தலையில் புள்ளிகள் கிட்டத்தட்ட கிடையாது, கால் தடித்து வெள்ளை இறகு மூடியிருக்கும், பகலிலேயே வேட்டையாடும். 1872-இல் இன்றைய சத்தீஸ்கர் பகுதியில் பிளெவிட் என்பவர் ஒன்றைச் சேகரித்து ஹ்யூமுக்கு அனுப்ப, அவர் 1873-இல் புது இனம் என்று பெயர் வைத்தார். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கினாரே அதே ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம்தான். (சிம்லாவில் இவர் பல வருடம் எழுதிவைத்திருந்த பறவைக் குறிப்புகளை வேலைக்காரர் ஒருவர் பழைய பேப்பர் என்று கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார். மனம் வெறுத்துப்போய்த் தன்னிடம் இருந்த பல்லாயிரம் தோல்களை 1885-இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். காங்கிரஸின் முதல் மாநாடும் அதே வருடம்தான்.)

அதற்குப் பிறகு 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற அதிகாரி மகாராஷ்டிரத்தின் கான்தேஷ் பகுதியில் சில ஆந்தைகளைச் சேகரித்தார். உலகம் முழுக்க மொத்தமே ஏழு தோல்கள். அப்புறம் ஆந்தை காணாமல் போய்விட்டது. ஒரே ஒரு விதிவிலக்கு, 1914-இல் குஜராத்தில் தப்தி நதிப் பக்கம் மாண்ட்வியில் கிடைத்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ராணுவ அதிகாரி காட்டிய ஒரு தோல். பெரிய ஆள், போர் வீரர், உளவாளி, பறவை நிபுணர், சலீம் அலியோடு 1937-இல் ஆப்கானிஸ்தான் வரை போய்வந்தவர். அவர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? கடைசியாகக் கிடைத்த இடம் அதுதானே என்று பிற்பாடு தேடப் போனவர்களும் அந்தப் பக்கம்தான் தேடினார்கள். எதுவும் சிக்கவில்லை. இனம் அழிந்திருக்கலாம் என்று முடிவுகட்டும் நிலைமை.

1990-களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருந்த பறவை ஆய்வாளர் பமேலா ராஸ்முசென் தெற்காசியப் பறவைகளுக்கான கையேட்டு வேலையாக லண்டன் தோல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1993-லேயே ஆலன் நாக்ஸ் என்ற ஆய்வாளர் மைனர்ட்ஸ்ஹாகனின் சில பறவைகள் திருட்டுச் சரக்கு என்று காட்டியிருந்தார். மைனர்ட்ஸ்ஹாகன் 1919 வாக்கிலேயே அனுமதியில்லாமல் தோல்களை எடுத்துப்போனதற்காக அருங்காட்சியகத்தின் பறவை அறைக்குள் நுழையக் கூடாது என்று தடைபட்டவரும்கூட. ராஸ்முசெனும் இன்னொரு பறவை ஆய்வாளர் நைஜல் காலரும் அந்த 1914 ஆந்தையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். தோல் எடுப்பது சமையல் போல ஒரு கைப்பக்குவம், எங்கே கீறுவது, எவ்வளவு பஞ்சு, எப்படித் தைப்பது என்பதில் ஆளுக்கு ஒரு பழக்கம் இருக்கும். அந்த ஆந்தையைப் பிரித்து மறுபடி அடைத்திருந்தார்கள், ஆனால் முதலில் செய்த கை டேவிட்சனுடையது என்பதற்கான தடயங்கள் உள்ளேயே மிச்சம் இருந்தன. அதாவது டேவிட்சனின் ஆந்தையை அருங்காட்சியகத்திலிருந்து உருவி, கொஞ்சம் உருவம் மாற்றி, பழைய சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பொய்ச் சீட்டு கட்டியிருக்கிறார் அந்தப் பெரிய மனிதர்!

சீட்டு பொய் என்றதும் குஜராத் பட்டியலிலிருந்து போயிற்று. மிச்சம் இருந்த நிஜமான சீட்டுகள் சொன்ன இடங்கள் இரண்டு, கிழக்கே சத்தீஸ்கர் ஒடிசாப் பக்கம், மேற்கே கான்தேஷ். 1997 நவம்பரில் ராஸ்முசென், பென் கிங், டேவிட் அபாட் மூவரும் கிளம்பினார்கள். கிழக்கில் தேடினார்கள், இல்லை. மேற்கே வந்தார்கள். நவம்பர் 25 காலையில் ஷஹாதா அருகே சாத்புரா மலையடிவாரத்தில், இலையில்லாத ஒரு மரத்தில் உட்கார்ந்திருந்த ஆந்தையை முதலில் பார்த்தவர் கிங். தலையில் புள்ளி இல்லை, கால் தடிமன், வெள்ளை. அந்த அடையாளங்கள் எல்லாம் பஞ்சடைத்த தோல்களை அளந்து அளந்து ராஸ்முசென் மனப்பாடம் செய்து வைத்திருந்தவை. 1884-க்குப் பிறகு 113 வருடம் கழித்து ஒரு பறவை திரும்பக் கிடைத்தது. பிறகு மகாராஷ்டிரத்தின் மேல்காட் புலிகள் காப்பகத்தில் கிடைத்தது, மும்பைக்குப் பக்கத்தில் தான்சா சரணாலயத்தில்கூடக் கிடைத்தது. இதில் வேடிக்கை, குஜராத்தின் டாங் காட்டிலும் பின்னால் நிஜமாகவே தென்பட்டது, பொய் சொன்னவருக்கு அதிர்ஷ்டம்தான்.

கட்டுரையாளரிடம் கேட்கிறேன், அந்த மூவரும் கேமராவோடு மட்டும் போயிருந்தால் எங்கே போயிருப்பார்கள்? மாண்ட்விக்குத்தான். அதே சமயம், அருங்காட்சியகத்திலேயே உட்கார்ந்திருந்தால் ஆந்தை அலமாரியில் ஏழு தோலாகவே இருந்திருக்கும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதே தப்பு.

காட்டில் ஆரம்பித்து அலமாரியில் முடிந்த கதையும் இருக்கிறது. 2009-இல் அருணாசலப் பிரதேசத்தில் ஸ்வீடனின் பெர் ஆல்ஸ்ட்ரோமும் நம் ஷஷாங்க் தால்வியும் ஒரு தரைக்குருவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எழுதுவது வேண்டுமென்றேதான். மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் உயரத்தில் அது கரகரவென்று பாடியது, கீழே ஊசியிலைக் காட்டில் இனிமையாகப் பாடியது. புத்தகத்தில் இரண்டும் ஒரே பறவை. ஒரே பறவைக்கு எப்படி இரண்டு தொண்டை? தோலுக்குள் பாட்டு இருக்காது, எத்தனை இழுப்பறை திறந்தாலும் இது தெரிந்திருக்காது. ஆனால் சந்தேகம் வந்த பிறகு எங்கே போனார்கள்? பல நாட்டு அருங்காட்சியகங்களுக்கு. பழைய தோல்களை எடுத்து இறகு, கால், வால், அலகு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, மரபணுவும் பார்த்து, 2016-இல் இரண்டும் வேறு வேறு இனம் என்று அறிவித்தார்கள். காட்டில் பாடியதற்கு சலீம் அலியின் பெயரையே வைத்தார்கள்.

சரி, இதற்காகச் சுட்டுக் கொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். அதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அருணாசலத்தின் ஈகிள்நெஸ்ட் பக்கம் புகுன் லியோசிக்லா என்ற பறவையை ரமணா ஆத்ரேயா 2006-இல் விவரித்தபோது ஒன்றைக்கூடக் கொல்லவில்லை, வலையில் பிடித்து அளந்து, படம் எடுத்து, உதிர்ந்த இறகுகளை வைத்துக்கொண்டு விட்டுவிட்டார், இருந்ததே விரல்விட்டு எண்ணிவிடும் அளவு பறவைகள் என்பதால். பாராட்ட வேண்டியது. பழைய சேகரிப்பாளர்கள் சுட்ட கணக்கைப் படித்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் சுட்டது சுட்டாகிவிட்டது, அந்தப் பறவையை இன்று கேலி செய்து குப்பையில் போட்டால் அது இரண்டாம் முறை வீணாகும். அதோடு இப்போது பறவைகள் சாவதற்கு யாரும் சுடவே வேண்டியதில்லையே! கண்ணாடிக் கட்டடம், மின்கம்பி, நாற்கரச் சாலை, பட்டத்து மாஞ்சா, இவை போதும்.

சிகாகோ நகரத்தில் மெக்கார்மிக் பிளேஸ் என்று ஏரிக்கரையில் ஒரு பெரிய மாநாட்டுக் கூடம் உண்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி. வலசை போகும் பறவைகள் இரவு வெளிச்சத்தில் குழம்பி அதில் மோதிச் செத்துக்கொண்டிருந்தன. அங்கே ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த டேவிட் வில்லர்டு 1978-இல் ஒரு நாள் இதைக் கேள்விப்பட்டுப் போய் ஒன்றிரண்டு செத்த பறவைகளைப் பொறுக்கிவந்தார். அப்புறம் வலசைக் காலத்தில் விடியற்காலை அங்கே போவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொன்றையும் தானே அளந்து நோட்டில் கையால் எழுதினார். 2016 வரை சேர்ந்த 52 இனங்களின் 70,716 பறவைகளின் அளவுகளை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. 40 வருடத்தில் கால் எலும்பு சராசரி 2.4 சதவீதம் குட்டையாகியிருக்கிறது, அதாவது உடம்பு சிறுத்திருக்கிறது, ஆனால் சிறகு 1.3 சதவீதம் நீண்டிருக்கிறது. பூமி சூடாவதோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது என்கிறார்கள். காட்டில் பைனாகுலர் வைத்து எத்தனை பேர் எத்தனை காலம் பார்த்தாலும் 2.4 சதவீதம் கண்ணுக்குத் தெரியுமா? இவ்வளவும் மாநகராட்சிக் குப்பை லாரியில் போயிருக்க வேண்டியவை என்பதை மறந்துவிடாதீர்கள்.

முட்டைகளும் அப்படித்தான். இங்கிலாந்தில் பெரெக்ரின் வல்லூறுகள் தங்கள் முட்டையைத் தாங்களே உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தன. டெரெக் ராட்கிளிஃப் பழைய சேகரிப்பாளர்களின் முட்டை ஓடுகளை எடை போட்டு, 1940-களின் பிற்பாதியிலிருந்து ஓடு திடீரென மெலிந்திருக்கிறது என்று 1967-இல் காட்டினார். டி.டி.டி. பூச்சிமருந்து புழக்கத்துக்கு வந்த சமயம் அது. அந்தச் சேகரிப்பாளர்கள் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கிய முட்டைகள்தான் அந்த மருந்துக்கு எதிரான சாட்சி.

நமக்கு இன்னும் பக்கத்துக் கதை வேண்டுமென்றால், கடப்பாப் பக்கம் முள்காட்டில் இரவில் ஓடித் திரியும் ஜெர்டன் கோர்சர் என்ற பறவை. 1900-க்குப் பிறகு யாரும் பார்க்காமல், 1986-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாரத் பூஷண் உள்ளூர் வேட்டைக்காரர்களின் உதவியோடு திரும்பக் கண்டுபிடித்தது (அந்த ஊர்க்காரர்களுக்கு அது கலிவி கோடி, அவர்களுக்கு அது தொலைந்துபோகவே இல்லை). அதன் முட்டையை மட்டும் யாரும் பார்த்ததில்லை. கடைசியில் முட்டை கிடைத்தது எங்கே தெரியுமா? ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில், ஒரு பெட்டியில். 1917-இல் கோலார் தங்கவயல் பகுதியில் எடுத்தது. வட ஆர்க்காட்டிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பிழைக்கப் போன அதே கோலார். கண்டெடுத்தவர் மேலே சொன்ன அதே ஆலன் நாக்ஸ். ஓட்டிலிருந்து எடுத்த மரபணுவை, பழைய தோல் ஒன்றின் கால்விரல் சதையிலிருந்து எடுத்த மரபணுவோடு ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். அந்தப் பறவை ஒரு காலத்தில் கோலார் வரை வாழ்ந்திருக்கிறது என்று சொல்ல அந்த முட்டைதான் சாட்சி.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ஐப்பசி பிறந்தால் ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து இறங்கும். இரவில் பறந்து களைத்து வரும் பறவை, ஊருக்குள் புதிதாக முளைத்த கண்ணாடிக் கட்டடம் அதற்கு எங்கே தெரியப் போகிறது? போன பருவத்தில் ஒரு வணிக வளாகத்தின் வாசற்படிக்குப் பக்கத்தில் ஒன்று கிடந்தது. இன்னும் உடம்பு விறைக்கவில்லை. முதுகு பச்சை, தோளில் வானநீலத்தில் ஒரு திட்டு, வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிப் பட்டையாகக் கருப்பு, அலகு நுனியில் மட்டும் ஒரு துளி ரத்தம். கூட்டிப் பெருக்குகிற அம்மா, "இது மாதிரி வாரத்துக்கு ரெண்டு விழுதுங்க சார், நான் ரோஜாச் செடி அடியில போட்டுருவேன்" என்றார். இதை ஒப்படைக்கலாம் என்று சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், மாலையில் நானே திரும்பக் கூப்பிட்டபோது, "குழி தோண்டிப் புதைச்சிருங்க சார், ஃபைல் போட்டா உங்களுக்குத்தான் அலைச்சல்" என்று அன்பாகவே சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை, வாங்கி வைக்க அவர்களிடம் இடமும் இல்லை, உத்தரவும் இல்லை.

சட்டம் இதில் குழப்பமாக இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 39-ஆம் பிரிவுப்படி, அட்டவணையில் உள்ள காட்டுயிர் செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. நான் எடுத்துப்போய் வீட்டு ஃப்ரீசரில் வைக்க முடியாது, அப்படித் திறந்துவிட்டால் மயில் தோகை வியாபாரிகூட ஆராய்ச்சியாளர் ஆகிவிடுவார் என்பதால் அந்தக் கண்டிப்பு சரிதான். ஆனால் அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு அருங்காட்சியகங்களுக்காக மாதிரிகள் சேகரிக்கத் தலைமை வனவிலங்குக் காவலர் அனுமதி தரலாம் என்கிறது. ஆகவே வழி இருக்கிறது, நடக்க ஆள் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு வன அலுவலகத்தில் ஒரு டீப் ஃப்ரீசர், பறவையைக் கையுறை போட்டு வாங்கிவைக்க ஒரு ஊழியர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றை எழும்பூருக்கோ கோவைக்கோ அனுப்ப ஒரு ஏற்பாடு. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-லிருந்து இருக்கிறது, கோவை காஸ் வன அருங்காட்சியகம் 1902-லிருந்து இருக்கிறது, ஆனைகட்டியில் சலீம் அலி பெயரிலேயே ஆய்வு மையம் இருக்கிறது. ஐஸ்கிரீம் கடைக்காரர் வாங்குகிற ஃப்ரீசரை அரசாங்கம் வாங்க முடியாதா?

அனுப்பினால் மட்டும் போதாது, பத்திரமாக வைக்கவும் வேண்டும். 2016 ஏப்ரலில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரே இரவில் எரிந்துபோனதை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்?

இன்னொரு வேண்டுகோள், இது பழைய சரக்கைப் பற்றியது. 1929-இல் ஆர்தர் வெர்னே என்ற பழம்பொருள் வியாபாரி பணம் போட்டுக் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைச் சேகரிக்க ஒரு குழுவை அனுப்பினார். அவர்கள் நல்லமலையிலும் சுற்றினார்கள், எங்கள் சேலத்தில் குரும்பப்பட்டியிலும் சேர்வராயன் மலையிலும் சேகரித்தார்கள். இன்று அதே குரும்பப்பட்டியில் உயிரியல் பூங்கா இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் பேர் வருகிறார்கள். அங்கே 1929 வாக்கில் எந்தெந்தப் பறவை இருந்தது என்பதற்கான சீட்டுகள் மும்பையிலும் லண்டனிலும் இழுப்பறைக்குள் கிடக்கின்றன. அவற்றைப் படமெடுத்துத் தமிழ்நாட்டுக்கு வாங்கிவந்து யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்தால், ஏற்காட்டில் மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடி அலையும் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் பட்டியலை எதனோடு ஒப்பிடுவது என்று தெரிந்துகொள்வார்கள். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிச் சொன்னது, அதற்கு 30,000-க்கும் மேற்பட்டோர் ஏற்றிய 3 கோடிப் பதிவுகள் அடிப்படை. பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை கடந்த சில வருடங்களைச் சேர்ந்தவை. அதற்கு முந்தைய காலத்துக்குத் தோலும் சீட்டும் பழைய நோட்டுமே கதி.

ஃப்ரீசர் வருகிறவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். கண்ணாடிக்குக் கீழே பறவை கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் காலம். பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ பத்து ரூபாய் நாணயத்தையோ வைத்து மேல்பக்கம், அடிப்பக்கம், விரித்த சிறகு மூன்றையும் போனில் படமெடுங்கள். தேதி, பார்த்த நேரம், தெரு, கட்டடத்தின் எந்தத் திசைச் சுவர், முந்தின இரவு அங்கே விளக்கு எரிந்ததா என்பதையும் சேர்த்து இ-பேர்டில் குறிப்பாக ஏற்றிவிட்டு, வனத்துறைக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு வாசகர்